ஒண்ணும் ஆகாது என்று சொல்லாதவர்

டாக்டர் என்றால் ஒரு சின்னப் பொய்யாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறவள் நான். காய்ச்சலோடு போனால் "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்ல வேண்டும். ஊசியைக் கையில் எடுக்கும்போது "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்ல வேண்டும். பாதி வியாதி அதிலேயே போய்விடும். குரோம்பேட்டையில் செருப்புக் கடைக்கு மேல் மாடியில் கிளினிக் வைத்திருந்த அந்த அலர்ஜி டாக்டரிடம் எனக்கு அது கிடைக்கவே இல்லை. ஐந்து வருஷம் நடையாய் நடந்தும் கிடைக்கவில்லை.

கனத்த உடம்பு. காலையில் பூசிய விபூதி, ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுக்கத்தில் பதினொரு மணிக்கெல்லாம் கரைந்து புருவத்தில் இறங்கியிருக்கும். கைகள் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் மெல்லிசாக இருக்கும். சிரிக்காதவர் என்று சொல்ல முடியாது. மருந்துக் கம்பெனி ரெப்புகள் வந்தால் அவர்களை ஓட்டி எடுத்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். ஆனால் நோயாளியைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு சிரிப்பு சிரித்து நான் பார்த்ததில்லை. "ஒண்ணும் ஆகாது" என்று அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

என் மகள் ஜெனிக்குக் கோதுமை ஆகாது. கைக்குழந்தையாக இருந்தபோதே பிஸ்கட் கொடுத்தால் வாயைச் சுற்றித் தடிக்கும். பல் முளைக்கிறது என்று ஒருவர் சொன்னார், வெயில் என்று ஒருவர் சொன்னார், கண்ணேறு என்றுகூட ஒருவர் சொன்னார். எல்லாவற்றையும் நம்பினோம். நான்கு வயதில், கீழ்க்கட்டளையில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில், பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய் ஒரு பூரியைச் சாப்பிட்டாள். முதலில் காது சிவந்தது. பிறகு உதடு வீங்கியது. பிறகு மூச்சு விசில் மாதிரி வந்தது. என் கணவர் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கார் சாவியைத் தேடினார். பல்லாவரம் சிக்னலில் நான் கண்ணாடியை இறக்கிவிட்டு, வழி விடாத ஒரு தண்ணீர் லாரிக்காரரை என்ன வார்த்தையெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. ஆஸ்பத்திரியில் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். பிள்ளை திரும்பி வந்தாள். அங்கேதான் இவர் பெயரைச் சொல்லி அனுப்பினார்கள்.

முதல் நாள் அவர் மேஜை மேல் இருந்த மிட்டாய் டப்பாவைக் காட்டித்தான் பேசினார்.

"தோலுக்கு அடியில, மூக்குல, குடல்ல எல்லாம் மாஸ்ட் செல்னு ஒண்ணு காவலுக்கு நிக்குது மேடம். உள்ள பூரா சின்னச் சின்னப் பை. பையில ஹிஸ்டமின், இன்னும் என்னென்னவோ. வெளியில கொக்கி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். உங்க பொண்ணுக்கு அந்தக் கொக்கியெல்லாம் கோதுமைக்குன்னே செஞ்சு மாட்டின மாதிரி இருக்கு. ஒரு கொக்கியில பட்டா ஒண்ணும் நடக்காது. பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு கொக்கியை ஒரே துணுக்கு சேத்து இழுத்துச்சுன்னா, பை அத்தனையும் வெடிச்சுக் கொட்டிடும். அன்னைக்கு நீங்க பாத்தது அதைத்தான்."

"மாத்திரை குடுத்தா நிக்காதா டாக்டர்?"

"மாத்திரை, கொட்டினது வேலை செய்யாமப் பாத்துக்கும். கொட்டறதை நிறுத்தாது."

"அப்ப நிறுத்தவே முடியாதா?"

"அதே செல்லுக்கு நிறுத்தற பொத்தானும் இருக்கு. ஆனா அதை நீங்களோ நானோ போய் அழுத்த முடியாது. உடம்பே ஆளைத் தயார் பண்ணணும். தினம் தூசி அளவு கோதுமையைக் காட்டிக்கிட்டே வந்தா, கொக்கிக்குப் போறதுக்கு முன்னாலயே வழியில புடிச்சுக்கற மாதிரி இன்னொரு புரதத்தை உடம்பு செய்யக் கத்துக்கும். அதுவே போய்ப் பொத்தானையும் அழுத்தும். சில குழந்தைங்களுக்கு நடக்குது. சிலருக்கு நடக்கல."

எனக்குக் கடைசி வாக்கியம் தேவைப்படவில்லை. "எங்க பொண்ணுக்கு நடக்கும் இல்ல?" என்றேன்.

"தெரியாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர். தைரியமா ஆரம்பிச்சிடுவோம்."

"சொல்றேன்னு வைங்க. இன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குவீங்க. அடுத்த மாசம் மாவை ஒழுங்கா அளக்க மாட்டீங்க."

படியிறங்கும்போது கணவரிடம், "சரியான கல்லுளிமங்கன். இந்த ஆளுகிட்ட இன்னொரு தடவை வந்தா என்னை என்னன்னு கேளுங்க" என்றேன். அடுத்த வாரம் போனோம். வேறு யாரும் அந்த வைத்தியத்தைத் தொடவே பயந்தார்கள்.

ஆரம்ப டோஸ்களை எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்துத்தான் கொடுத்தார். கேழ்வரகுக் கஞ்சியில் கண்ணுக்குத் தெரியாத அளவு கோதுமை மாவு. அதற்குப் பிறகு வீட்டிலும், அளவு கூட்டும் நாட்களில் மட்டும் அவர் கிளினிக்கிலும். அவசரத்துக்குத் தொடையில் போடுகிற ஊசியை எனக்குக் கற்றுக்கொடுத்தார். சாத்துக்குடியில் குத்திப் பழகினேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் யாரும் சாத்துக்குடியைத் தொடவில்லை.

நிபந்தனைகள் இருந்தன. வெறும் வயிற்றில் கோதுமை கூடாது. காய்ச்சல் நாளில் கூடாது. சாப்பிட்ட பிறகு ஓடக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. "அளவு அதேதான் மேடம். ஆனா பசியில இருக்கற உடம்பு, தூங்காத உடம்பு, ஓடிட்டு வந்த உடம்பு, இதுலெல்லாம் அந்த செல்லுங்க முன்கோபி ஆயிடும். நேத்து தாங்கினதை இன்னைக்குத் தாங்காது" என்றார்.

அந்தக் கிளினிக்கில் காத்திருப்பது ஒரு தனி வாழ்க்கை. ஊசியோ டோஸோ எடுத்தவர்கள் அவர் விடும்வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்க முடியாது. பம்மலிலிருந்து ஒரு ஆட்டோக்காரர் தூசி அலர்ஜிக்கு ஊசி போட்டுக்கொள்ள வருவார். அவருக்கும் டாக்டருக்கும் ஒவ்வொரு தடவையும் ரகளைதான்.

"டாக்டரே, கீழ சவாரி வெய்ட்டிங்ல கீது. ஒண்ணும் ஆவாது, நா கெளம்பறேன்."

"ஒண்ணும் ஆகாதுன்னு உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியற வரைக்கும் உட்காரு." சொல்லிவிட்டு, ஆட்டோக்காரர் விரலில் சுழன்றுகொண்டிருந்த சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னா டாக்டரே, ஒரே பேஜாரா கீது! நீயே சொல்லுக்கா, இது நாயமா?" என்று அவர் என்னிடம் முறையிட்டார். நியாயமில்லை என்றுதான் நானும் சொன்னேன். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு நாள் இதே மாதிரி சாவிக்காகப் புலம்பிக்கொண்டிருந்தபோதே ஆட்டோக்காரருக்குக் குரல் கம்மியது. உள்ளங்கையைச் சொறிந்தார். "தொண்டைல இன்னாவோ..." என்றார், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அந்தக் கனத்த உடம்பு எப்படி அவ்வளவு வேகமாக அறையிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். காக்கிப் பேண்ட்டின் மேலேயே தொடையில் ஊசி இறங்கியது. அவரைத் தரையில் படுக்க வைத்து, என் கைப்பையைப் பிடுங்கிக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆட்டோக்காரர் பேச ஆரம்பித்துவிட்டார். அன்று முழுவதும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அடுத்த முறை வந்தபோது கேட்காமலே சாவியை டாக்டர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "எப்ப சொல்றியோ அப்ப போறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னேன் இல்ல?" என்கிற மாதிரி டாக்டர் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நானாக இருந்தால் வருஷம் பூராச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

எனக்கு அவர் மேல் உண்மையாகவே கோபம் வந்தது வேறொரு நாள். ஜெனிக்கு ஆறு வயது இருக்கும். பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "டாக்டர் அங்கிள், நான் செத்துப் போவேனா?" என்று கேட்டாள். நான் "சீ, வாயைக் கழுவு" என்று பாய்ந்தேன். அவர் கையமர்த்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அளவுக்கு மேல கோதுமை சாப்பிட்டு, ஊசியும் போடலைன்னா, செத்துப் போகலாம் பாப்பா. அதனாலதான் ஊசி எப்பவும் உன் பையில இருக்கு. அம்மாவுக்குப் போடத் தெரியும். மிஸ்ஸுக்கும் சொல்லிக் கொடுத்தாச்சு."

ஆறு வயதுப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது? அன்று நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜெனியோ, "ஓ" என்றாள். அவ்வளவுதான். அன்று இரவு பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, "எனக்கு யாரும் கேக் தராதீங்க, தந்தா நான் செத்துப் போவேன்" என்று அறிவித்திருக்கிறாள். அதுவரை "ஒரே ஒரு வாய்டி" என்று ஊட்ட வந்த பிள்ளைகள் எல்லாம் அதோடு நிறுத்திவிட்டன. நான் இரண்டு வருஷமாகச் சாதிக்காததை அந்த ஒரு பதில் சாதித்துவிட்டது. அதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

ஒன்பது வயதில் புதுநன்மை வந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாளை அப்படிச் சொல்வோம். அதற்குள் ஜெனி தினம் காலையில் ஒரு துண்டு கோதுமை பிஸ்கட் சாப்பிடுகிற அளவுக்கு வந்திருந்தாள். பிரச்சினை என்னவென்றால், நற்கருணை அப்பம் கோதுமையில்தான் செய்ய வேண்டும், அரிசியில் செய்தால் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம். "திராட்சை ரசம் மட்டும் வாங்கட்டுமே, அதுவும் முழு நற்கருணைதான்" என்றார் எங்கள் கோயில் ஃபாதர். ஜெனி ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாரும் நாக்கை நீட்டும்போது தான் மட்டும் கிண்ணத்தில் வாய் வைத்தால், அன்றைக்கும் தான்தான் அந்த அலர்ஜிப் பெண் என்று அழுதாள்.

டாக்டரிடம் கேட்டேன். ஒரு அப்பத்தை வாங்கி வரச் சொல்லி, ஒளியில் பிடித்துப் பார்த்தார். "தினம் சாப்பிடறதைவிட இது கம்மி. காலையில பிஸ்கட் வேணாம். அதுக்குப் பதிலா இது. நான் வந்து உட்காந்துக்கறேன்."

"அப்ப ஒண்ணும்..." என்று ஆரம்பித்து நானே நிறுத்திக்கொண்டேன்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் தலையில் பூமுடியுமாக, கையில் மெழுகுதிரியோடு கோயில் வாசல் பந்தலில் வரிசையாக நின்றார்கள். கறுப்புப் பையும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்து இறங்கிய டாக்டரைப் பந்தல் ஆட்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர் நேராக வரிசைக்குப் போய் ஜெனி முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"என்ன சாப்பிட்ட?"

"ரெண்டு இட்லி சாப்பிட்டா டாக்டர்" என்றேன் நான்.

"பாப்பாவைக் கேக்கறேன்."

ஜெனி மெழுகுதிரியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "சாப்பிடல" என்றாள்.

"தண்ணி?"

"அதுவும் குடிக்கல. நேத்து ராத்திரியிலேர்ந்து."

அந்தக் காலத்துப் பிள்ளைகள் நடு இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் நன்மை வாங்கினார்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் கதை சொல்லியிருக்கிறார். இப்போது ஒரு மணி நேரம் போதும் என்பதையும் சொல்லித்தான் இருக்கிறார். பிள்ளை பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். இட்லிகள் இரண்டும் வீட்டில் ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தன. சாயங்காலம் எறும்பு வரிசை காட்டிக் கொடுத்தது. என்னிடம் கண்ணை உருட்டி "சாப்பிட்டேம்மா" என்று சொன்னவளுக்கு அவரிடம் மட்டும் அது வாயில் வரவில்லை. தன்னிடம் பொய்யே சொல்லாத ஒருவரிடம் எப்படிப் பொய் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

பசித்த உடம்பு. புதுநன்மை ஆசையில் ராத்திரி தூங்காத உடம்பு. இனி ஊர்வலமாக வெயிலில் வேறு சுற்றி வரப்போகிற உடம்பு.

"நல்ல வேளை சொன்ன" என்றார் டாக்டர். திட்டவில்லை.

"இயேசு வர்றப்ப வயிறு காலியா இருக்கணும் அங்கிள்."

"அது எனக்குத் தெரியாது பாப்பா. ஃபாதருக்குத் தெரியும். வா, கேட்டுடுவோம்."

பீடத்துக்குப் பின்னால் பூசை உடுப்புகள் வைக்கிற அறைக்குப் போனோம். ஃபாதர் அங்கியைத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நோயாளிகளுக்கு உபவாசம் கிடையாது மகளே. நானாச் சொல்லல, சட்டமே அப்படித்தான்" என்றார்.

"நான் நோயாளி இல்ல" என்றாள் ஜெனி. கண் நிறைந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவள் இத்தனை நாளும் பிஸ்கட்டை மென்றது. இப்போதாவது இல்லை என்று சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் டாக்டரைக் கெஞ்சினேன்.

"நோயாளிதான் பாப்பா" என்றார் அவர். "கொறைஞ்சுக்கிட்டு வர்ற நோயாளி. போன வருஷத்துக்கு இந்த வருஷம் எவ்வளவோ கொறைஞ்சிருக்கு. இன்னைக்கு ஒரு நாள் அப்படியே இருந்துடு."

ஜெனி மூக்கை உறிஞ்சினாள். தலையாட்டினாள். கோயில் வேலைகளைப் பார்க்கிற அண்ணன் எதிர்க்கடைக்கு ஓடி, "சூடா கீதும்மா, பாத்துத் துன்னு" என்று இட்லிப் பொட்டலமும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். ஊர்வலம் வேண்டாம், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடட்டும், கடைசியில் வரிசையில் சேர்ந்துகொள்ளட்டும் என்று முடிவாயிற்று.

"உங்க பிரசங்கம் எவ்வளவு நேரம் ஃபாதர்?" என்று கேட்டார் டாக்டர்.

"எவ்வளவு வேணும்?"

"இட்லி இறங்கணும்."

"நீட்டிடறேன்."

"அப்பத்துல பாதி குடுத்தா போதுமா?"

"எங்க கணக்குல ஒரு துணுக்கும் முழுசுதான் டாக்டர்."

"எங்க கணக்குல அப்படி இல்ல. பாதியே குடுங்க."

அன்றைக்கு ஃபாதர் செய்த மாதிரி ஒரு பிரசங்கம் எங்கள் கோயில் கண்டதில்லை. ஆதாமில் ஆரம்பித்தார். மோசேக்கு வருவதற்குள் ஆண்கள் பாதிப் பேர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். என் கணவரே, "என்ன ஆச்சு இவருக்கு?" என்று முணுமுணுத்தார். நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஃபாதரை மனதார வாழ்த்திக்கொண்டிருந்தேன்.

ஜெனி நாக்கை நீட்டினாள். ஃபாதர் அப்பத்தைப் பிட்டு, பாதியை வைத்தார். அவள் கைகூப்பியபடி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் டாக்டர். நான் அவள் காதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செபம் எதுவும் வாயில் வரவில்லை. காது, காது, காது என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

நன்றிப் பாட்டு பாடும்போது அவள் கழுத்தைச் சொறிந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் குனிந்து காலரை விலக்கிப் பார்த்தார். "லேஸ் உறுத்துது" என்றார்.

பூசை முடிந்தது. எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து ஹாலிலிருந்து பிரியாணி வாசனை வந்தது. மற்றப் பிள்ளைகள் பூமுடி பறக்க ஓடின. ஜெனியை அவர் எழுந்திருக்க விடவில்லை. கோயில் காலியாயிற்று. அந்த அண்ணன் விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்து, எங்கள் தலைக்கு மேலிருந்த ஃபேனை மட்டும் விட்டுவிட்டுப் போனார். டாக்டர் அவ்வப்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

கடைசியாக ஒருமுறை காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்தார். "போதும். இன்னைக்கு ஓடறது மட்டும் வேணாம். மெதுவா நடந்து போ" என்றார்.

இப்போது ஜெனி குரோம்பேட்டையிலேயே இன்ஜினியரிங் படிக்கிறாள். கேன்டீனில் பரோட்டா சாப்பிடுகிறாள், ஊசியையும் பையில் வைத்திருக்கிறாள். டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு ஓசூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்தக் காலிக் கோயில்தான் ஞாபகம் வருகிறது. ஏனென்றால் அன்று ஜெனி உடனே போகவில்லை. பெஞ்சிலிருந்து இறங்கி அவர் முன்னால் நின்று, "நீங்க என்ன சாப்பிட்டீங்க அங்கிள்?" என்று கேட்டாள்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். தப்பிக்க வழியில்லை. "ஒண்ணும் சாப்பிடல பாப்பா" என்றார்.

"ஏன்?"

"பயமா இருந்துச்சு. நேத்து ராத்திரியிலேர்ந்து தொண்டையில இறங்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கியதெல்லாம் அந்தப் பெஞ்சிலேயே கொட்டியது. ஐந்து வருஷமாகத் தனியாகப் பயந்துகொண்டிருக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன். ஜெனி அவர் விரலைப் பிடித்து, "வாங்க, பிரியாணி தீந்துடும்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.